குளிர்கடல் நண்டு: வேக்காட்டிலும் பரிமாறலிலும் நேரும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

குளிர்ந்த கடல்களில் பிடிபடும் நண்டை எளிமையாகச் சமைப்பதில் வேலை மிகக் குறைவு. உப்பு நீரிலோ ஆவியிலோ வேகவைத்து, உருக்கிய வெண்ணெயோடும் எலுமிச்சைத் துண்டோடும் தட்டில் வைத்தால் போதும். ஆனால் குழம்போ மசாலாவோ இல்லாத இந்தச் சமையலில் சிறு தவறுக்குக்கூட ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரே கோளாறுகளை என் அடுப்பிலும் என்னைக் கேட்டவர்களின் அடுப்பிலும் திரும்பத் திரும்பச் சரிசெய்த பிறகு, அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் திருத்தக்கூடிய காரணம் முதலிலும், நண்டையே இழக்க நேரும் காரணம் கடைசியிலும் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: கையில் இருப்பது வெந்ததா, வேகாததா?

நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை. பேரிங் கடல், பாரன்ட்ஸ் கடல், நியூஃபவுண்ட்லாந்துக் கரை ஆகிய இடங்களிலிருந்து வரும் கிங் கிராப், ஸ்னோ கிராப் என்னும் நண்டு வகைகளின் கால்கள் பெரும்பாலும் பிடித்த இடத்துக்கு அருகிலேயே வேகவைக்கப்பட்டு, கடும் குளிரான உப்புக் கரைசலில் உறையவைக்கப்பட்டவை. அவற்றுக்கு நீங்கள் செய்யவேண்டியது சூடாக்குதல் மட்டுமே. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பிடிபடும் டஞ்சினெஸ் நண்டும், வடகிழக்கு அட்லாண்டிக்கின் பழுப்பு நண்டும் உயிரோடும் கிடைக்கும், வெந்தும் கிடைக்கும்.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். ஓடு பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் வெந்தது என்பது உண்மைதான். ஆனால் செந்நிறக் கிங் கிராப் உயிரோடு இருக்கும்போதே அடர்சிவப்பாக இருப்பதால் ஏமாந்துபோகலாம். வெட்டுப்பட்ட முனையில் தெரியும் சதையைப் பாருங்கள். வெண்மையாக, ஒளி புகாமல், இறுகியிருந்தால் வெந்தது; சாம்பல் சாயலில் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் பச்சை. உறையின் மேல் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

## சதை ஓட்டை விட்டு வர மறுக்கிறது

### நீங்களே வேகவைத்த முழு நண்டு என்றால்

முதல் காரணம் வேக்காடு போதாமை. டஞ்சினெஸ் நண்டுக்கு அரைக் கிலோ எடைக்கு ஏறத்தாழ 7 முதல் 8 நிமிடம் என்பது பழகிய கணக்கு; 900 கிராம் நண்டுக்கு 15 நிமிடம் ஆகும். இந்தக் கணக்கு நண்டைப் போட்ட கணத்திலிருந்து தொடங்குவதில்லை, நீர் மறுபடியும் கொதிக்கத் தொடங்கியதிலிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பாத்திரத்தில் இரண்டு மூன்று நண்டுகளைத் திணித்தால் நீரின் கொதி அடங்கிப்போய், மறுபடி கொதிக்க வெகுநேரம் ஆகிவிடும்; அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டவர்களுக்கே சதை ஒட்டிக்கொள்ளும். ஒரு நண்டுக்கு 4 அல்லது 5 லிட்டர் நீர் இருக்கட்டும். உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள், நீர் அங்கே 100 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும் என்பதால், சில நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு நடைக்காலை உடலோடு சேரும் இடத்தில் திருகிப் பிரித்து அங்குள்ள சதையைப் பாருங்கள்; உடலுக்குள் சூடு கடைசியாகச் சென்று சேரும் இடம் அதுதான். முத்துப்போல் வெண்மையாக இருந்தால் வெந்துவிட்டது. கண்ணாடித் தன்மை எஞ்சியிருந்தால் மூன்று நிமிடம் மறுபடியும் கொதிநீரில் விடுங்கள். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் உடலின் கனத்த பகுதியில் 63 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

இரண்டாவது காரணம், வெந்த நண்டைக் குளிர்விக்காமல் அப்படியே மேசையில் ஆறவிடுவது. பனிக்கட்டி மிதக்கும் நீரில் உடனே அமிழ்த்தினால் வேக்காடு நிற்பதோடு, சதையும் சற்றுச் சுருங்கி ஓட்டிலிருந்து விலகும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எடுத்துவிடவேண்டும். நீரிலேயே ஊறவிட்டால் சுவை கரைந்துபோகும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் சதை ஒட்டுகிறது, இழுத்தால் இழை இழையாகக் கிழிகிறது என்றால், நண்டு அண்மையில் ஓடு கழற்றியதாக இருக்கலாம். அதற்கு அடுப்பில் தீர்வு இல்லை. ‘ஓடு பெரிது, சதை கொஞ்சம்’ என்ற பகுதியைப் பாருங்கள்.

### வெந்து உறைந்த கால்கள் என்றால்

பாதி உறைவு மட்டுமே நீங்கியிருக்கும்போது சூடாக்கினால் வெளிச்சதை காய்ந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே பனி இருக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், நீர் வடிவதற்கு ஒரு தட்டை அடியில் வைத்து, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். உறைந்த கால்களின் மேல் மெல்லிய பனிப்படலம் ஒன்று பூசியிருப்பார்கள். அது உடைந்துபோன கால்களில் சதை பஞ்சுபோல் வெளுத்து, காய்ந்து, ஓட்டில் ஒட்டியிருக்கும். அது ஃப்ரீசரில் நேர்ந்த சேதம், சமைப்பவரின் பிழை அன்று. உண்பதில் தீங்கில்லை என்றாலும் தட்டில் வைக்கும் தரத்தில் இராது. உதிர்த்து, மயோனைஸ் கலந்து, ரொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

## சதை கூழாக இருக்கிறது

நண்டின் உடலுக்குள் உள்ள செரிமான உறுப்பு, நண்டு இறந்ததும் சுற்றியுள்ள சதையையே கரைக்கத் தொடங்கிவிடுகிறது. கூழான சதைக்குரிய பெரும்பாலான காரணங்கள் இதிலிருந்து கிளைப்பவை.

மிக எளிதில் திருத்தக்கூடியது, குளிர்ந்த நீரில் நண்டைப் போட்டு மெல்லச் சூடேற்றும் பழக்கம். அந்த இளஞ்சூட்டு நேரம் முழுவதும் சதை கரைந்துகொண்டிருக்கும். நீர் தளதளவென்று கொதித்த பிறகே நண்டு உள்ளே போகவேண்டும். அடுத்தது, வெந்த முழு நண்டைச் சுத்தம் செய்யாமல் மணிக்கணக்கில் வெளியே வைத்திருப்பது. மேலோட்டைக் கழற்றி, செவுள்களையும் உள்ளுறுப்புகளையும் அகற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இது நேராது. வெந்த நண்டு அங்கே இரண்டு மூன்று நாள் தாங்கும்.

உறைந்த கால்கள் கூழாக இருந்தால், எங்கோ ஒருமுறை உருகி மறுபடியும் உறைந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். பையின் அடியில் கட்டியாக உறைந்த நீரும், பனிப்படலம் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் கால்களும் அதற்கு அடையாளம். பை திறக்கப்படாமல் இருந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். இந்தக் கோளாற்றை வீட்டில் திருத்த வழியில்லை.

கடைசிக் காரணம், அடுப்புக்கு வரும் முன்பே இறந்துவிட்ட நண்டு. கொண்டுவரும் வழியில் சுருண்டுபோன நண்டைப் பார்த்து ‘மயக்கமாக இருக்கும்’ என்று தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படித் தேற்றிக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். குளிரில் இருந்த நண்டு மந்தமாக இருப்பது இயல்பு. ஆனால் தூக்கிப் பிடித்தால் அதன் கால்கள் சிறிதாவது அசையவேண்டும், வாய்ப்பகுதி இயங்கவேண்டும். தூக்கியதும் எல்லாக் கால்களும் துணிபோல் தொங்கினால் அது இறந்துவிட்டது. எப்போது இறந்தது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் சமைக்கவேண்டாம். இந்த விபத்தைத் தவிர்க்க, உயிருள்ள நண்டை ஈரத்துணி மூடிய திறந்த பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அன்றே சமைத்துவிடுங்கள். குழாய் நீர் நிரம்பிய வாளியில் ஒருபோதும் விடவேண்டாம். நன்னீரில் கடல் நண்டு விரைவில் இறந்துவிடும்.

## சதை ரப்பர்போல் இழுபடுகிறது, உலர்ந்துவிட்டது

ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான்: வெந்ததை இரண்டாம் முறை வேகவைத்தது. உறைவு நீங்கிய ஸ்னோ கிராப் கால்களுக்கு ஆவியில் 4 முதல் 6 நிமிடமும், தடித்த கிங் கிராப் கால்களுக்கு 6 முதல் 8 நிமிடமும் போதும். ஓட்டின் வெளிப்புறம் கையைச் சுடும் அளவுக்கு வந்து, மூடியைத் திறந்ததும் நண்டின் வாசம் எழுந்தால் இறக்கிவிடலாம். ஒருமுறை உலர்ந்த சதையை மென்மையாக்க முடியாது. அதை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, சூடான வெண்ணெயில் புரட்டிப் பரிமாறுவதே உள்ளதில் சிறந்த சமாளிப்பு.

## உப்புக் கரிக்கிறது

வெந்து உறைந்த கால்களை உப்பு நீரில் கொதிக்கவைத்திருந்தால் காரணம் அதுவே. உறையும்போதே அவை வேண்டிய உப்பை எடுத்துக்கொண்டுவிட்டன. அவற்றை உப்பில்லாத நீரின் ஆவியில் சூடாக்கவேண்டும், தொட்டுக்கொள்ளும் வெண்ணெயும் உப்பில்லாததாக இருக்கவேண்டும். பலரும் இந்த இரண்டாவதை மறந்துவிட்டு நண்டைக் குறைசொல்வார்கள்.

ஆவியில் சூடாக்கியும் கரித்தால் அந்தத் தொகுதியே உப்பை அதிகமாக ஏற்றிருக்கிறது. மீதமுள்ள கால்களை உறைவு நீக்கும்போது வடியும் நீரைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த நன்னீரில் விரைவாக அலசி, பிறகு உப்பில்லாத கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். கொஞ்சம் சுவையும் போகும், ஆனால் உண்ணத்தக்கதாகிவிடும். ஊறவைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை; உப்போடு இனிப்பும் வெளியேறிவிடுகிறது.

உயிருள்ள நண்டை நீங்களே வேகவைக்கும்போது நிலைமை நேர்மாறானது. கடல்நீரின் உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். வேகவைக்கும் நீரில் அதே அளவு உப்பை, கைப்பிடி கணக்கில் அள்ளிப் போடாமல் எடைபோட்டுச் சேர்த்தால் கரிக்கவும் செய்யாது, சப்பென்றும் இராது.

## வேகும்போது கால்கள் கழன்று விழுந்துவிட்டன

உணர்வோடு இருக்கும் நண்டை நேராகக் கொதிநீரில் போட்டால் அது தன் கால்களைத் தானே உதறிவிடும். கழன்ற இடங்கள் வழியே நீர் புகுந்து உடற்சதை சப்பென்றாகிவிடும். இது சமையல் கோளாறு மட்டுமன்று, நண்டு பட்ட வேதனையின் அடையாளமும் ஆகும். பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்குகளின் உணர்திறன் சட்டம் நண்டுகளையும் உணர்வுள்ளவையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. உப்பு கலந்த பனிக்கட்டிக் குழம்பில் குறைந்தது 20 நிமிடம், அசைவு முற்றிலும் அடங்கும்வரை, அமிழ்த்தி வைத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கவேண்டும். இவை குளிருக்குப் பழகிய உயிர்கள் ஆகையால் கடிகாரத்தை நம்பாமல் அசைவைப் பாருங்கள்.

அசைவு அடங்கியதும், பலகையில் மல்லாத்திப் போட்டு, கனத்த கத்தியால் நடுவே ஒரே வெட்டில் பிளந்து, மேலோட்டை அகற்றிச் சுத்தம் செய்து, இரு பாதிகளாக வேகவைப்பது நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை. கால்கள் கழல்வதில்லை, வேகும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடமாகக் குறைகிறது, உள்ளுறுப்புகள் சதையோடு சேர்ந்து வேகாததால் சுவையும் தெளிவாக இருக்கிறது. முழு நண்டாக மேசைக்கு வரும் அழகு போய்விடும் என்பது உண்மைதான்.

## ஓடு பெரிது, சதை கொஞ்சம்

முதலில் எதிர்பார்ப்பைச் சரிபாருங்கள். நல்ல டஞ்சினெஸ் நண்டிலேயே மொத்த எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் சதை. ஒரு கிலோ நண்டில் 250 கிராம் கிடைத்திருந்தால் கோளாறு எதுவும் இல்லை.

அதைவிட மிகவும் குறைவாக இருந்து, கால்களை உடைத்தபோது நீர் வழிந்தால், அது புதிதாக ஓடு மாற்றிய நண்டு. பழைய ஓட்டைக் கழற்றிய நண்டு நீரை உறிஞ்சி உடலைப் பெரிதாக்கிக்கொள்கிறது; அந்த இடத்தைச் சதை நிரப்ப மாதக்கணக்காகும். அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலங்களில் டஞ்சினெஸ் பருவத்தைத் திறப்பதற்கு முன் சதையின் அளவைச் சோதித்து, போதாவிட்டால் திறப்பைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். நடைக்காலின் அகன்ற கணுவையும் அடிப்பக்க ஓட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டை இரு கைகளில் எடுத்துக் கனமானதைத் தேர்ந்தெடுங்கள். கீறல் விழுந்து, மங்கி, அங்கங்கே கொட்டலசு ஒட்டிய ஓடு அழகில்லாதது, ஆனால் நிறைந்த நண்டுக்கு அதுவே சான்று. பளபளக்கும் ஓட்டைத்தான் புதியவர்கள் தேடி எடுப்பார்கள்.

## நிறமோ தோற்றமோ அச்சுறுத்துகிறது

வெந்த சதையில், குறிப்பாக மூட்டுகளில், நீலமோ கருநீலமோ படர்ந்திருப்பது நண்டின் குருதியிலுள்ள செம்பினால் வருவது. நாற்றம் இல்லாவிட்டால் உண்ணலாம். வேகவைக்கும் முன் சுத்தம் செய்து குருதியை அலசுவதும், வெந்ததும் விரைவாகக் குளிர்விப்பதும் இதைக் குறைக்கும்.

ஓட்டின் மேல் கரும்புள்ளிகள் காற்றுப் பட்டதால் தோன்றுபவை. பழத்தை நறுக்கி வைத்தால் கறுப்பதைப் போன்றதே அது. சதையும் கறுத்துச் சளசளத்திருந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள். பழுப்பு நண்டின் கொடுக்கு முனைகள் இயல்பாகவே கறுப்பு, டஞ்சினெஸின் முனைகள் வெள்ளை. ஸ்னோ கிராப் ஓட்டில் மிளகுபோல் ஒட்டியிருக்கும் கரிய மணிகள் ஒருவகைக் கடல் அட்டையின் முட்டைக்கூடுகள். அவை ஓட்டோடு போய்விடும், சதையைத் தொடுவதில்லை.

டின் நண்டில் கண்ணாடித் துகள்போல் ஏதேனும் அகப்பட்டால் அஞ்சுவதற்கு முன், இளஞ்சூடான வினிகரில் சிறிது நேரம் போட்டுப் பாருங்கள். கரைந்தால் அது பதப்படுத்தும்போது உருவாகும் தாது உப்பின் படிகம், தீங்கற்றது. கரையாவிட்டால் டின்னோடு விற்றவரிடம் கொண்டுபோகவேண்டும்.

மேலோட்டுக்குள் இருக்கும் மஞ்சள்-பச்சைக் கூழை, அதாவது நண்டின் செரிமான உறுப்பை, விரும்பி உண்பவர்கள் உண்டு. நான் அதைத் தட்டில் வைப்பதில்லை. கடல் நுண்பாசிகள் உண்டாக்கும் டோமோயிக் அமிலம் நண்டில் முதன்மையாகச் சேர்வது அந்த உறுப்பில்தான். 2015-இல் கலிபோர்னியாவின் டஞ்சினெஸ் பருவம் தள்ளிப்போனது இந்த நச்சினால். வேகவைப்பதாலோ உறையவைப்பதாலோ அது அழிவதில்லை. பழுப்பு நண்டின் உட்கூழில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் மிகுதி என்பதால் அதை அளவோடு உண்ணுமாறு ஐரோப்பிய ஆணையம் 2011-இல் அறிவுறுத்தியது. எச்சரிக்கை நடப்பில் உள்ள பகுதியில் பிடித்த நண்டானால் உள்ளுறுப்புகளை வேகவைக்கும் முன்பே அகற்றுங்கள், வெந்த நீரைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுங்கள்.

## அம்மோனியா நெடி அடிக்கிறது

கடல்வாடை வேறு, கழிப்பறை துப்புரவு நீரை நினைவூட்டும் இந்த நெடி வேறு. எலுமிச்சை பிழிந்தும் பூண்டு சேர்த்தும் இதை அடக்க முயலவேண்டாம். பை திறந்ததும் வரும் அடைபட்ட வாசமா என்று ஐயம் இருந்தால், அலசிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். நெடி அப்படியே இருந்தால் முழுவதையும் எறிந்துவிடவேண்டும்.

## தட்டுக்கு வந்த பிறகு நேரும் கோளாறுகள்

வெண்ணெய் கிண்ணத்தில் உறைந்துவிடுகிறது என்பதே அதிகம் கேட்கும் புகார். கிண்ணத்தை வெந்நீர் நிரம்பிய இன்னொரு கிண்ணத்தில் அமர்த்துங்கள். வெண்ணெய் கலங்கி அடியில் வெள்ளைப் படிவு தங்குவது பிடிக்காதவர்கள், மிதமான தீயில் உருக்கி, மேல் நுரையை நீக்கி, அடிமண்டியை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். நெய் மணம் வரும்வரை காய்ச்சிவிட்டால் அது நண்டின் மெல்லிய இனிப்பை அமுக்கிவிடும்.

சதையில் ஓட்டுச் சில்லுகள் அகப்பட்டால், உடைக்கும் முறைதான் காரணம். சுத்தியலை ஸ்னோ கிராப் காலில் பயன்படுத்தவேண்டாம். மூட்டில் எதிர்ப்புறமாக மடித்து இழுத்தால் சதை முழுதாக உருவிவரும். கிங் கிராப் காலைச் சமையலறைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டித் திறக்கலாம். முட்கள் குத்தும் என்பதால் துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். உடற்பகுதிச் சதையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளை விரல்நுனிதான் கண்டுபிடிக்கும், கண் அன்று.

குளிர வைத்துப் பரிமாறும்போது தட்டில் நீர் தேங்கினால், பனிநீரிலிருந்து எடுத்த நண்டைக் கால்கள் கீழ்நோக்க அரைமணி நேரம் வடியவிடாததே காரணம்.

## உண்டபின் உடல் நலம் கெட்டால்

இங்கே வீட்டுச் சோதனைக்கு இடமில்லை. நண்டு ஒவ்வாமை உள்ள சிலருக்கு அது வேகும் ஆவியே ஒவ்வாமையைத் தூண்டப் போதும். தோல் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல் தோன்றினால் அவசர ஊர்தியை அழையுங்கள். ஒவ்வாமைக்குரிய ஊசிமருந்து கையில் இருந்தால், ஊர்தி வரும்வரை காத்திருக்காமல் அதை முதலில் போட்டுவிடுங்கள்.

உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் விரல்களும் மரத்துப்போனாலோ, ஒரு நாளுக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பிறகு குழப்பமோ மறதியோ சேர்ந்தாலோ கடல் நுண்பாசி நச்சை ஐயுறவேண்டும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த வகை நண்டு, எங்கே பிடித்தது அல்லது வாங்கியது, உள்ளுறுப்பை உண்டாரா, எத்தனை மணிக்கு உண்டார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லவேண்டும். மிச்சமிருக்கும் நண்டையும் உறையையும் கழுவாமல், மூடிய பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் தனியாக வைத்திருங்கள், சோதனைக்குக் கேட்பார்கள்.